மாதா படத்துக்குப் பின்னால் இருந்த மிருகம்

முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்துத் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பப் பாரத்தை எத்தனை நகல் எடுக்க வேண்டும், எந்தக் கவுண்டரில் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகு எத்தனை நாள் கழித்துப் போய்க் கோபப்படலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பிரிவு உபசாரத்தில் சக ஊழியர்கள் எனக்கு ஒரு வெயில் தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். இனி இவன் வெளியில்தான் நிற்கப்போகிறான் என்று முடிவு செய்திருப்பார்கள் போல. அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு கோலா சிலாங்கூரில் ஊராருடைய கடிதங்களைப் படித்துச் சொல்வதுதான் இப்போது என் வேலை. சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

இத்தனை பாரங்களைப் பார்த்தவன், 'கனவு' என்று ஒரு கட்டம் போட்ட பாரத்தை மட்டும் பார்த்ததில்லை. என் மச்சானுக்கு அது தேவைப்பட்டது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எழுபது தாண்டியவர். ரப்பர் பால்மரம் இருந்த காலத்தில் பால் வெட்டினார். அதே தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியதும் குலை வெட்டினார். மனைவி இறந்துவிட்டார். மகள் சிங்கப்பூரில். பத்தாங் பெர்ஜுந்தை தாண்டி உள்ளே போகும் செம்மண் சாலையின் முடிவில், தோட்டத் தொழிலாளருக்கென்று கட்டிய ஒரு பழைய லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். தோட்டம் கைமாறி, லயங்களை இடிப்பதென்று முடிவானதும் மற்ற குடும்பங்களெல்லாம் ஒவ்வொன்றாகப் புதிய வரிசை வீடுகளுக்குப் போய்விட்டன. கடைசியில் மச்சானுக்கும் வீடு ஒதுக்கிக் கடிதம் வந்தது. பதினான்கு நாட்களுக்குள் ஒப்புதல் பாரத்தில் கையெழுத்திட்டு, சத்தியப் பிரமாணத்தோடு கோலா குபு பாரு அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். தவறினால் வீடு காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும். கடிதத்தில் அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். தடித்த எழுத்தில் அடித்ததற்கு மேல்முறையீடு கிடையாது. இது என் அனுபவம்.

ஐந்தாம் நாள் மச்சான் கூப்பிட்டார்.

"மாப்ள, நான் கையெழுத்துப் போடல."

"ஏன் மச்சான்?"

"நேர்ல வா. போன்ல சொல்ற விசயமில்ல. தங்கச்சிகிட்ட மூச்சு விடாத."

தொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்குள் எல்லாம் கட்டித் தயாராக இருந்தது. பானை சட்டிகள் அரிசிச் சாக்கில், துணிகள் இரண்டு பெட்டியில். மூலையில் ஒரு பலகை மேசை மட்டும் கட்டப்படாமல் நின்றது. மச்சான் என்னை உள்ளறைக்கு அழைத்துப் போய்ச் சுவரைக் காட்டினார்.

அந்த லயத்துச் சுவர்கள் வெறும் பலகை. இடுக்கு வழியே காற்று வரும் என்பதற்காக மச்சானின் அப்பா, துரை பங்களாச் சமையல்காரரிடம் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி, மரவள்ளி மாவுப் பசை காய்ச்சிச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தாராம். மச்சான் அப்போது சின்னப் பிள்ளை. பிறகு என் மனைவி பிறந்த வருடம் மாதா படம் ஒன்று வாங்கி அந்தச் சுவரில் மாட்டினார்கள். அதிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். படத்தைக் கழற்றாமல் சுற்றி மட்டும் அடித்தார்கள். இப்போது வீடு மாறுவதற்காக மச்சான் மாதாவைக் கழற்றியிருக்கிறார். வெள்ளைச் சுவரின் நடுவே ஒரு பலகையில் சதுரமாக அந்தப் பழைய காகிதம். அதில் ஒரு மிருகம்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நான்கு கால்கள், மரக்கட்டை போல நேராக. அதன் மேல் தட்டையான முதுகு. முதுகின் மேல் ஒரு முகம். அந்த முகத்தில் வாய் மேலே இருந்தது, கண்கள் கீழே இருந்தன. இரண்டு கைகள் தன் முதுகையே இறுகப் பிடித்திருந்தன. முகத்துக்கு மேலே வயிறு பாவாடை போல விரிந்து, உச்சியில் இரண்டு கொம்புகள். கொம்பின் நுனியில் வாழைப்பூ மாதிரி எதுவோ. பக்கத்தில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்கு மேல் ஒரு மீன்.

"அது அதுக்குச் சாப்பாடு," என்றார் மச்சான்.

அது என்னவென்று ஓரளவு எனக்குப் புரிந்தது. பத்திரிகைகளில் சித்திரக்கதைத் தொடர் வரத் தொடங்கிய காலத்துத் தொடர் ஒன்றின் கட்டம் அது. யாராவது ஒருவன் படுத்துத் தூங்குவான், கண்டபடி கனவு காண்பான், கனவில் பெயர் தெரியாத ஜந்துக்கள் வரும், கடைசிக் கட்டத்தில் கட்டிலிலிருந்து விழுந்து விழிப்பான். அந்தத் தொடர்களின் நடைமுறை அது. நடைமுறை என்று ஒன்று இருந்தால் எனக்கு விளங்கிவிடும். ஆனால் முன் கட்டமும் பின் கட்டமும், கீழே எழுத்து ஏதும் இருந்திருந்தால் அதுவும், சுண்ணாம்புக்குள் போய்விட்டன.

"சரி மச்சான், படம்தானே. இதுக்கும் கையெழுத்துக்கும் என்ன?"

"மாதாவக் கழட்டுன நாள்லேர்ந்து கனவுல வருது மாப்ள. புது வீட்டு கேட்டு முன்னாடி நிக்குது. குறுக்கால. நான் இந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் திரும்புது, அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம். ஒண்ணும் பேசாது. மூச்சு மட்டும் வாங்குது."

பிறகு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். சிறு வயதில் அவருடைய அப்பாவும் அம்மாவும் இருட்டோடு பெரட்டுக்கு, தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் இடத்துக்கு, போய்விடுவார்கள். தனியாகப் படுத்திருக்கும் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்து அழும். அப்பா சொன்னாராம்: "அது நம்ம வீட்டுக் காவக்காரன்டா. நாங்க வர்ற வரைக்கும் உன்னப் பாத்துக்கும்." அதற்குப் பிறகு மச்சான் அழவில்லை.

"இப்ப நீ சொல்லு. அது எனக்கு முன்னாடியே போயி அங்க காவலுக்கு நிக்குதா? இல்ல, என்ன விட்டுட்டுப் போறியாடான்னு உள்ள விடாம மறிக்குதா? காவல்னா இப்பவே போடுறேன். மறிக்குதுன்னா நான் இங்கயே கெடக்குறேன். இடிக்கிறவன் வந்து இடிச்சுக்கட்டும்."

"தங்கச்சிகிட்ட ஏன் சொல்லக் கூடாது?"

"அவ ஒரே வார்த்தையில போடுன்னுருவா. எனக்கு அர்த்தம் வேணும்."

அர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு கோப்பு திறந்தேன். முதல் தாளில் கால் நான்கு, கை இரண்டு, கொம்பு இரண்டு, மீன் ஒன்று என்று எழுதினேன். கூடவே, காலக்கெடுவை நீட்டிக்கக் கோரி மலாயில் ஒரு கடிதம் வரைந்தேன். வணக்கம், பொருள், பார்வை எண் எல்லாம் தடையின்றி வந்தன. 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. 'விண்ணப்பதாரரின் வாசலில் ஒரு ஜந்து நிற்கிறது' என்று எழுதினால் அதை வனவிலங்கு இலாகாவுக்கு அனுப்பிவிடுவார்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். கடிதத்தைக் கிழித்தேன்.

ஏழாம் நாள், நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் உணவகத்துக்குப் போனேன். கடைக்காரர் கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர். எல்லா விஷயத்திலும் கருத்துள்ளவர். பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைப்பேசியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இதுல என்னண்ணே குழப்பம்? மேசை."

"மேசையா?"

"நாலு காலு, மேல பலகை. மேல எவனோ ஏறி நிக்கிறான். நம்ம கடை டிவியில பந்து வெளயாட்டு ஓடுறப்ப கோல் போட்டா இப்படித்தான் ஏறுவானுங்க. பக்கத்துல பாருங்க, சட்டியில மீனு. மீன்தலைக் கறி."

"மேசைக்கு ஏன் கொம்பு, பாய்?"

"அத நீங்கதான் சொல்லணும். படிச்சவங்க."

உணவகக்காரருக்கு உலகமே மேசையும் மீன்கறியும்தான் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த மேசையிலிருந்த ஒருவர் அதற்குள் எட்டிப் பார்த்து, கால், கை, கொம்பு, மீன் என்று எண்ணி உள்ளங்கையில் நான்கு இலக்கம் எழுதிக்கொண்டு குலுக்குச்சீட்டுக் கடைக்குப் போனார். எண் விழவில்லை போலும், மறுவாரம் என்னைப் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வால் இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லவில்லையாம்.

ஒன்பதாம் நாள், மச்சான் போகும் மாதா கோயிலின் உபதேசியாரைப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கொம்புகளை எண்ணினார். ஏழோ பத்தோ இருந்திருந்தால் பைபிளின் திருவெளிப்பாட்டைப் பார்த்துத் தான் ஏதாவது சொல்லியிருக்கலாம், இரண்டு கொம்பு மாட்டுக்குத்தான் என்றார். போகும்போது, "ஆள் ராத்திரி என்ன சாப்புடுறாரு?" என்று மட்டும் விசாரித்தார்.

இனி நானே முடிவெடுப்பதென்று பத்தாம் நாள் உட்கார்ந்தேன். நுனி தடித்த இரண்டு கொம்பு எந்த மிருகத்துக்கு உண்டு என்று யோசித்து, மாலைக்குள் விடை கண்டேன். மச்சானுக்குப் போன் போட்டு, என் பழைய அலுவலகக் குரலில் அறிவித்தேன்: "மச்சான், தீர விசாரித்தாகிவிட்டது. அது ஒட்டகச்சிவிங்கி. சைவ ஜந்து. யாரையும் மறிக்காது."



"ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து எங்க மாப்ள?"

"படம் வரைந்தவன் இடம் போதாமல்..."

"அதுக்கு எதுக்குக் கையி?"

நான் கோப்பின் முதல் தாளைப் புரட்டினேன்.

"மீனு திங்குமா அது?"

"மச்சான், நாலு நாள்தான் இருக்கு."

"நீ ஆபீஸ்ல இருந்தப்ப வந்தவங்களுக்கும் இப்படித்தான் பதில் சொன்னியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பதின்மூன்றாம் நாள் காலை. மனைவி சுட்ட தோசையை நான் தின்றுகொண்டிருந்தேன், அல்லது தோசை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கைப்பேசியை மேசைமேல் படுக்க வைத்து அந்தப் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி சட்னிக் கிண்ணத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். குனிந்து பார்த்தாள்.

"என்னங்க இது, இந்தாளு மேசையத் தலைல தூக்கிக்கிட்டு எங்க போறான்?"

"எந்த ஆள்?"

"இந்தா, தொளதொளன்னு சட்ட போட்டிருக்கானே. வீடு மாத்துறான் போல. பாவம், செருப்பு கூட சரியாப் போடல."

"அது ஆள் இல்லை. அது ஒரு ஜந்து. நான்கு கால், இரண்டு..."

"நீங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க," என்றாள். "எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க."

முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் கவுண்டரின் மறுபக்கம் போய் நின்றது கிடையாது. எழுந்து, மேசையைச் சுற்றி நடந்து, அவள் தோள் வழியே பார்த்தேன்.

இரவு அங்கி போட்ட ஒரு குண்டு மனிதன். தலைமேல் ஒரு மேசையைக் கவிழ்த்து வைத்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தான். மேசையின் நான்கு கால்களும் வானத்தைப் பார்த்தன. அவன் கால்களில் கொழுகொழு இரவுச் செருப்பு. கண் மேலே இருந்தது, வாய் கீழே இருந்தது, வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு மீன் வாலால் நடந்து வந்தது. கிண்ணம் என்று நாங்கள் நினைத்தது அதன் தலையிலிருந்த தொப்பி.

"ஒட்டகச்சிவிங்கி இல்லை," என்றேன்.

"யாரு ஒட்டகச்சிவிங்கின்னு சொன்னது?"

அதற்குமேல் ரகசியம் காக்க முடியவில்லை. மாதா படத்திலிருந்து உபதேசியார் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு, "ஊரெல்லாம் போயி காட்டிருக்கீங்க, வீட்ல இருக்கவகிட்ட காட்டல," என்றாள். சட்னிக் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கைப்பையோடு வந்தாள். கையில் ஒரு பழைய கரண்டி.

லயத்துக்குள் நுழைந்ததும் மச்சான் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவள் நேராக உள்ளறைக்குப் போய், அந்தச் சதுரத்தின் ஓரமாகக் கரண்டிக் காம்பால் சுண்ணாம்பை மெல்லச் சுரண்டினாள். அறுபது வருடச் சுண்ணாம்பு அப்பளம் போல உதிர்ந்தது. பாதி இடத்தில் காகிதமும் சேர்ந்து வந்துவிட்டது. இருந்தாலும் படத்துக்கு மேற்பக்கம் ஒரு வரி ஆங்கிலமும், பக்கத்துக் கட்டத்தில் ஒரு கட்டிலும் தெரிந்தன. எழுத்தும் கட்டிலும் தலைகீழாக இருந்தன.

"படிங்க," என்றாள்.

கழுத்தை எவ்வளவு திருப்பினாலும் எழுத்து சிக்கவில்லை. கடைசியில் மச்சானின் கட்டிலில் மல்லாந்து படுத்து, தலையை ஓரத்தில் தொங்கவிட்டுப் படித்தேன். ஓய்வு பெற்ற தலைமை எழுத்தரை அந்தக் கோலத்தில் பார்க்க அண்ணனும் தங்கையும் இரு பக்கமும் நின்றார்கள். படத்திலிருப்பவன் யாரிடமோ கேட்கிறான்: 'இதை எங்கே இறக்கி வைப்பது?' அவ்வளவுதான். தொப்பி போட்ட மீன் எதுவும் பேசவில்லை.

மச்சானும் தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தார்.

"அப்பா தலகீழா ஒட்டிட்டாரா?"

"அப்பாவுக்கு ஏபிசி தெரியுமா?" என்றாள் தங்கை. "சரி, உனக்குத் தெரியுமா? காத்து வரக் கூடாதுன்னு ஒட்டுனாரு. காத்து வந்துச்சா?"

"வரல."

"அப்பறம் என்ன?"

"அறுபது வருசத்துக்கு மேல ஒரு மேசைக்குப் பயந்திருக்கேன் புள்ள." அவர் குரலில் சிரிப்பா வேறெதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அப்ப அப்பா சொன்னது? காவக்காரன்னு சொன்னாரே. எல்லாம் பொய்யா? கேட்டுக்கிட்ட வந்து நிக்கிறானே, அவன் யாரு? காவலா, மறிக்கிறானா? ஒன் வீட்டுக்காரரு எட்டு நாளா இதத்தான் பாக்குறாரு."

நான் இன்னும் கட்டிலில் தலைகீழாகத்தான் இருந்தேன். அந்த நிலையில் கருத்துச் சொல்வது மரியாதையாக இருக்காது.

"அண்ணே," என்றாள் அவள். "காவலும் இல்ல, மறியலும் இல்ல. அவன் சொமையத் தூக்கிக்கிட்டு வந்து ஒன் வாசல்ல நிக்கிறான். மூச்சு வாங்குறான். ரெண்டு கையும் மேசையப் புடிச்சிருக்கு, அவன் எப்படிக் கேட்டத் தொறப்பான்? தொறந்து விடாம நீ என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?"

மச்சான் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினார். திரும்பி வந்து, "பேனா இருக்கா மாப்ள?" என்றார். கருப்பு மையா நீல மையா என்று கேட்டேன். அண்ணனும் தங்கையும் ஒரே சமயத்தில் என்னைத் திட்டினார்கள்.

பதினான்காம் நாள் மூவரும் கோலா குபு பாரு போனோம். சத்தியப் பிரமாணம், ஐசி அடையாள அட்டை நகல், ஒப்புதல் பாரம். கவுண்டரிலிருந்த பெண் முத்திரை குத்தியபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை. மச்சான் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: அந்தப் படம் ஒட்டிய பலகை தன்னோடு வர வேண்டும். சுவர் தோட்டத்தின் சொத்து. ஆகவே ஒரு பலகையை அகற்ற அனுமதி கோரி முறைப்படி விண்ணப்பம் எழுதித் தோட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளம்பெண் படிக்கவேயில்லை.

"எடுத்துட்டுப் போங்க லா அங்கிள். எப்படியும் லோரியில அள்ளித்தான் கொட்டப் போறாங்க."

"பெற்றுக்கொண்டதற்கு ஒரு முத்திரை?"

முத்திரை எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று இழுப்பறையில் தேடி எடுத்து வந்தாள். நகலில் குத்தி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை லோரி வந்தது. புது வீட்டு வாசல் வரை போக முடியவில்லை. தெருவில் யாரோ மணல் கொட்டியிருந்தார்கள். சாக்குகளும் பெட்டிகளும் போய்ச் சேர்ந்தன. கடைசியாக அந்தப் பலகை மேசை. லோரிக்காரர் உதவிக்கு வருவதற்குள் மச்சான் அதைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். வெயில் சுட்டது. நான் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் முத்திரையிட்ட நகல், மறு கையில் சாவிக்கொத்து, கக்கத்தில் படப்பலகை என்று பின்னால் போனேன்.

கேட்டு பூட்டியிருந்தது. சாக்குகளை உள்ளே வைத்த பிறகு நான்தான் பூட்டினேன். ஆள் இல்லாத வீட்டைத் திறந்து போடுவது முறையல்ல. மச்சான் வாசலில் குறுக்காக நின்றார். மேசைக் கால்கள் நான்கும் வானத்தைப் பார்த்தன. மூச்சு வாங்கினார். நான் சாவிக்கொத்தின் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். முன்கதவு, பின்கதவு, குளியலறை.

"கேட்டத் தொறக்காம என்னங்க படிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று என் மனைவி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

மேசைக்கடியிலிருந்து மச்சான் மெல்லத் திரும்பினார். என் தொப்பியைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. மேசையும் சேர்ந்து ஆடியது.

"மாப்ள," என்றார். "அந்த மீன் யாருன்னு இப்பத் தெரிஞ்சிருச்சு."